பத்தாவது மொகமத் அப்தி

ஏல்மதோ
12 பிப்ரவரி 1999

தம்பி கூலேத்துக்கு அக்கா கின்சியின் சலாம். நான், என் மூன்று பெண்கள், ஆடுகள், வீட்டுக் கூரை எல்லாம் நலம். உன் முகம் ஒன்றுதான் இங்கே குறை. துபாய் வெயில் உன்னை என்ன பாடு படுத்துகிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

சரி, நலம் விசாரித்தாயிற்று. டேய், உன் கம்பெனி ஆட்கள் நம் ஊருக்கு வந்திருந்தார்கள்! ஹில்லாக் டெலிபோன் கம்பெனி என்று வண்டிக் கதவிலேயே எழுதி மின்னல் படமும் போட்டிருந்தது. ஒரு பையன் இறங்கி, "அக்கா, உங்க ஊருக்கு டெலிபோன் வேணுமா?" என்றான். "தண்ணி வேணுமான்னு ஆட்டைக் கேப்பியா நீ? எங்கே கையெழுத்துப் போடணும், அதைச் சொல்லு" என்றேன்.

அவன் சொன்னது இது. டவருக்கும் எக்சேஞ்சுக்கும் ஆகிற பணத்தில் பாதியை துபாயில் ஒரு முதலீட்டுக் குழு போடுமாம். மறுபாதியை ஊர் போடவேண்டும். அறுபது பங்கு, அறுபது ஆட்கள். ஓர் ஆளுக்கு ஒரு பங்குக்கு மேல் கிடையாது. எங்கோ ஓர் ஊரில் ஒரு பெரிய மனிதர் எல்லாப் பங்கையும் தானே வாங்கி, டெலிபோனைத் தன் படுக்கையறையில் வைத்துப் பூட்டிக்கொண்டாராம். அதனால்தான் இந்தச் சட்டம். மே மாதம் பருவக்காற்று எழுந்து, தோணி போகமுடியாமல் கடல் மூடுவதற்குள் அறுபது பெயர் தரவேண்டும். ஐம்பத்தொன்பது என்றாலும் டவர் பூர்அத்துக்குப் போய்விடும். பூர்அத்துக்கு! ஒரு நல்ல கிணறு இல்லாத ஊருக்கு!

எனக்கு ஏன் இத்தனை வெறி என்று உனக்குத் தெரியும். நேற்றுகூட சாம்பிராணி வியாபாரி செம்பல்லன் ஜாமா களத்துக்கு வந்தான். நாங்கள் நாற்பது பெண்கள் குனிந்து குனிந்து பொறுக்கித் தரம் பிரித்த சாம்பிராணியைப் பார்த்து, "துபாய்ல விலை விழுந்துடுச்சு கின்சி, நான் என்ன பண்ணட்டும்?" என்று கையை விரித்தான். கொடுத்துவிட்டோம். மூன்று வாரம் கழித்து உன் கடிதம் வரும், விலை ஏறியிருக்கிறது அக்கா என்று. அதற்குள் மூட்டை கடலைத் தாண்டியிருக்கும். ஒரே ஒரு டெலிபோன் இருந்தால் அவன் இளிப்பு என் முன்னால் செல்லுமா?

நம் நாட்டுச் சண்டையில் அரசாங்கம் என்று ஒன்று மிஞ்சியிருந்தால் அதைக் கேட்கலாம். அது இல்லை, நாம் இருக்கிறோம். நான் இன்றே வீடு வீடாகக் கிளம்புகிறேன். உன் பக்கத்தில் என்ன நடக்கிறதோ உடனே எழுது.

அல்லாஹ் உன்னைக் காக்கட்டும்.
கின்சி

*

துபாய்
3 மார்ச் 1999

அன்புள்ள அக்காவுக்கு, உன் காலடிக்கு என் சலாம். நான் நலம். நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், கவலைப்படாதே.

அக்கா, நீ எழுதியது எல்லாம் உண்மை! எக்சேஞ்சுப் பெட்டி ஷார்ஜாவில் எங்கள் கிடங்கில் வந்து இறங்கிவிட்டது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஓர் ஆள் உயரம், சாம்பல் நிறம், முப்பது லைன். அதன் மேல் கையை வைத்து "நீ எங்க ஊருக்குத்தான் வரணும்" என்றேன். கிடங்குக் காவல்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

பட்டியலில் எல்லோருடைய முழுப்பெயரும் வேண்டும். தன் பெயர், தந்தை பெயர், பாட்டன் பெயர். முதலீட்டுக் குழுவில் ரம்சி என்று ஒரு பெய்ரூத்காரர் இருக்கிறார். ஒரு புள்ளி தவறினாலும் தாளைத் திருப்பி அனுப்புகிற ஆள். கவனமாக எழுது.

களத்தில் எல்லோரும் நலமா? அதாவது, எல்லோரும்? ஹிர்சி மாமா கேட்ட பத்து ஒட்டகத்துக்கான பணத்தில் முக்கால் பங்குக்கு மேல் சேர்த்துவிட்டேன். இதை நீயாகப் போய் யாரிடமும் சொல்லிவிடாதே. நானே வந்து அவர் முன்னால் வைக்கிறேன்.

உன் தம்பி
கூலேத்

*

ஏல்மதோ
25 மார்ச் 1999

தம்பிக்கு சலாம். உன் கடிதம் வந்து சேர்ந்தது. மழை இரண்டு நாள் நன்றாகப் பெய்தது, ஆட்டுக்கும் மனுஷருக்கும் குறையில்லை.

"எல்லோரும் நலமா, அதாவது எல்லோரும்" என்று கேட்டாயே, திருட்டுப் பயலே, உபா என்று பெயரை எழுதினால் பேனா உடைந்துவிடுமா? இடக்கை ஹிர்சியின் மகள் உபா நலம். என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாம்பிராணி பொறுக்குகிறாள். இந்தக் களத்தில் அவள் கைக்கு இணை கிடையாது. உன் பெயரைச் சொன்னால் மட்டும் தூளையும் கட்டியையும் ஒன்றாகக் கொட்டிவிடுகிறாள்.

அவள் அப்பாதான் நல்ல பாம்பு. போன வாரம் பங்கு விற்கப் போனேன். "டெலிபோன் வேணும், ஒரு பங்கு எழுதிக்கோ" என்று பணத்தை எடுத்து வைத்தார். சந்தோஷப்பட்டு எழுந்தால், "உன் தம்பிகிட்டச் சொல்லு. வர்ற நோன்பு மாசத்துக்குள்ள பத்து ஒட்டகத்துக்கும் பணம் வரலைன்னா, பொண்ணு பூர்அத் லாரிக்காரனுக்கு. அவன் நாளைக்கே கொட்டத் தயாரா இருக்கான்" என்றார். "சொல்றேன் மாமா" என்று வந்துவிட்டேன். சொல்லிவிட்டேன்.

பங்கு விற்பது இத்தனை கூத்து என்று தெரியாது. ஒருவர், "டவர் மேல இடி விழுந்தா பணம் யார் தருவா?" என்கிறார். இன்னொருவர், "பொம்பளைங்க பேரையும் எழுதுறியாமே, அப்ப நான் வரல" என்றார். "வராட்டி போங்க, நாளைக்கு டெலிபோன் பண்ண எங்ககிட்டத்தானே வரணும்" என்றேன். மாலையில் பணத்தோடு வந்து நின்றார். களத்துப் பெண்கள் பதினான்கு பேர் சீட்டுப் பணத்தையும் கொலுசையும் வைத்துப் பங்கு எடுத்திருக்கிறார்கள். நான் என் வளையலை விற்றேன். மொத்தம் நாற்பத்தொன்று!

உடம்பைப் பார்த்துக்கொள்.
கின்சி

*

ஏல்மதோ
2 மே 1999

தம்பி, சலாம். எல்லோரும் நலம், என்னைத் தவிர.

ஐம்பத்தொன்பது. கேட்டாயா? ஐம்பத்தொன்பது! ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறது. ஊரில் பணம் இருக்கிறவர்களெல்லாம் எடுத்துவிட்டார்கள், இல்லாதவர்களிடம் எப்படிக் கேட்பது? நானே இன்னொன்று எடுக்கலாமென்றால் ஓர் ஆளுக்கு ஒன்றுதானே? மலைமேல் சாம்பிராணி மரம் கீறுகிறவர்களிடம்கூட ஆள் அனுப்பினேன். "விளைச்சல் வித்ததும் தர்றோம்" என்கிறார்கள். விளைச்சல் செப்டம்பரில்!

பூர்அத்தில் அறுபத்திரண்டு பேர் தயாராம். நமக்குத் தவறினால் அவர்களுக்கு. நேற்று ஜாமா வந்து, "என்ன கின்சி, உன் டவர் ஒத்தைக் கால்ல நிக்குதாமே?" என்று பல்லைக் காட்டினான். களத்தில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. கொலுசை விற்ற பெண்கள் என் முகத்தையே பார்க்கிறார்கள். எனக்கு அழுகை வருகிறது கூலேத். நான் அழுகிற ஆளா? வருகிறது.

துபாயில் நம் ஊர்க்காரர்கள் யாராவது, மாலுமியோ மூட்டை தூக்குகிறவரோ, யாராக இருந்தாலும் சரி, ஒரே ஒருவர் கிடைப்பாரா? கடைசித் தோணி கிளம்புவதற்குள் எழுது.

கின்சி

*

துபாய்
19 மே 1999

அன்புள்ள அக்காவுக்கு சலாம். நலம். நலமறிய ஆவல்.

அறுபதாவது ஆள் கிடைத்துவிட்டார்! நம் ஊர்க்காரர்தான். பெயர் மொகமத் அப்தி அலி. பணம் கட்டியாயிற்று, ரசீது போட்டாயிற்று. பட்டியலையும் நானே குழுவிடம் கொடுத்துவிட்டேன். டவர் நமக்குத்தான் அக்கா! அழாதே!

இங்கே வெயில் நாற்பதைத் தாண்டிவிட்டது. ஈச்சம்பழம் இன்னும் காய்தான். புறா ஒன்று எங்கள் சன்னலில் கூடு கட்டியிருக்கிறது. தோணிக்காரர் அவசரப்படுத்துகிறார்.

கூலேத்

*

ஏல்மதோ
30 மே 1999

என் கண்ணே, என் தம்பியே, உனக்கு ஆயிரம் சலாம்!

உன் கடிதத்தைக் களத்தில் படித்தேன். பெண்கள் போட்ட குலவையில் கழுதைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டன. உபா என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். உனக்குச் சேரவேண்டியது, நான் வாங்கி வைத்திருக்கிறேன். ஜாமாவுக்கு நானே தேநீர் வாங்கிக் கொடுத்தேன், முகத்தைப் பார்ப்பதற்காகவே.

அது இருக்கட்டும். எந்த மொகமத் அப்தி அலி? நம் ஊரில் ஒன்பது பேர் இருக்கிறார்கள், ஒன்பது பேரும் பங்கு எடுத்துவிட்டார்கள். ஒற்றைக்காதா, நெட்டையா, இருமலா, பூனைக்கண்ணா? எல்லோரும் இங்கேதானே கண் முன்னால் திரிகிறார்கள்? அங்கே இருப்பவர் எந்த வீட்டுப் பிள்ளை? பட்டப்பெயர் என்ன? பட்டப்பெயர் இல்லாமல் நம் ஊரில் யார் பிறந்தார்கள்? எழுது, அவர் வீட்டுக்குப் போய் ஓர் ஆட்டை அறுத்துப் போட்டு நன்றி சொல்லவேண்டும்.

கடல் மூடுகிறது. இனிமேல் பொசாசோ விமானத்தில் வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்பு. உடனே எழுது.

கின்சி

*

துபாய்
20 ஜூலை 1999

அன்புள்ள அக்காவுக்கு சலாம். தாமதத்தை மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை.

சிக்கல் வந்திருக்கிறது. ரம்சி நம் பட்டியலைப் படித்தார். மொகமத் அப்தி அலி, மொகமத் அப்தி அலி, மொகமத் அப்தி அலி என்று பத்து முறை! தாளை என் மேசைமேல் போட்டு, "ஒரே ஆளைப் பத்தா இழுத்திருக்கீங்க. இதைத்தானே கூடாதுன்னோம்?" என்று கத்தினார். நம் ஊரில் அப்படித்தான் என்றால் நம்பவில்லை.

இரண்டு நாள் யோசித்து வேறு பட்டியல் எழுதிக் கொண்டுபோனேன். முழுப்பெயரோடு பட்டப்பெயரும் சேர்த்து. மொகமத் அப்தி ஒற்றைக்காது. மொகமத் அப்தி தூங்குமூஞ்சி. மொகமத் அப்தி பூசணித்தலை. அக்கா, அவர் முகம் சிவந்த சிவப்பை நீ பார்த்திருக்கவேண்டும். "என்னோட விளையாடுறியா? பணம் போடுறவங்க பேரா இது? பூசணித்தலையா?" என்றார். இப்போது அவரே நேரில் வருகிறார். ஆகஸ்டில் வந்து அறுபது பேரையும் நிற்கவைத்து எண்ணுவாராம். துபாயில் இருப்பவருக்குப் பதில் அவர் சொந்தக்காரர் யாராவது முன்வந்து, அவருக்காகப் பேசினால் போதுமாம். ஒன்று குறைந்தாலும் பெட்டி பூர்அத்துக்கு.

நீ கேட்ட பத்தாவது ஆளின் பட்டப்பெயர் 'வாய்திறவான்'. அவர் அதிகம் பேசமாட்டார். கப்பலில் போய்விட்டார் என்று கேள்வி. ஒரு வழி யோசிக்கிறேன். நீ இதை யாரிடமும் கேட்டுக்கொண்டு திரியாதே.

ஹிர்சி மாமா வீட்டில் எல்லோரும் நலமா?

கூலேத்

*

ஏல்மதோ
24 ஆகஸ்ட் 1999

டேய் கூலேத்! சலாம். நலம் எல்லாம் அப்புறம். உட்கார்ந்து படி.

ரம்சி ஞாயிற்றுக்கிழமை வந்தார். இரண்டு வண்டி, ஒரு தொப்பி, ஒரு தோல்பை. ஈரலும் ஒட்டகப் பாலும் கொடுத்தோம். பாலைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காணாமல் போனார். திரும்பி வந்து, களத்தில் எல்லோரையும் நிற்கவைத்தார். அவர் அரபியில் சொல்ல, ஷேக் ஷிர்வா நம் பேச்சில் சொன்னார். பிள்ளைகளுக்குக் குர்ஆன் சொல்லித்தருகிற, நம் ஊர் நிக்காஹ் எல்லாம் நடத்திவைக்கிற அதே ஷிர்வாதான்.

பெண்கள், இடக்கை ஹிர்சி, மற்றவர்கள் என்று ஐம்பது பேர் முடிந்தது. பிறகு ரம்சி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மொகமத் அப்தி அலி!" என்றார்.

"இருக்கேன்!" என்று ஒன்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். மனுஷர் ஓரடி பின்னால் போய்விட்டார்.

"ஒற்றைக்காது!" தலைப்பாகையைக் கழற்றி இல்லாத காதைக் காட்டினான் அவன். "இருமல்!" இருமினார். "தூங்குமூஞ்சி!" பக்கத்தில் நின்றவர் உலுக்கி எழுப்பினார். "பூசணித்தலை!" என்றதும் ரம்சியே பார்த்துவிட்டு, "போதும், போதும், இவர் சொல்லவே வேண்டாம்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊரே சிரித்தது. ஜெயித்தோம் என்று நினைத்தேன்.

"மொகமத் அப்தி வாய்திறவான்!"

ஒன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"துபாய்ல இருக்காராம். அவருக்காகப் பேச யாரு வந்திருக்கீங்க?" ஒருவரும் அசையவில்லை. ரம்சியின் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப நான் சந்தேகப்பட்டது சரிதான். ஒண்ணு பொய்ப்பேரு" என்று பையிலிருந்து ரசீதை எடுத்து, "இந்தக் கையெழுத்து யாருதுன்னு யாருக்காவது தெரியுமா?" என்று என்னிடம் நீட்டினார்.

பார்த்தேன். முன்கால் மடக்கிய ஒட்டகம் மாதிரி ஓர் 'எம்' எழுத்து. எத்தனை வருஷமாக உன் கடிதங்களில் பார்க்கிறேன் அந்த ஒட்டகத்தை!

கூலேத், நான் வாயடைத்து நின்றேன். நான்! சொன்னால், ஒட்டகத்துக்குச் சேர்த்த பணத்தைக் கம்பியில் போட்டுவிட்டான் மாப்பிள்ளை என்று ஹிர்சி அங்கேயே பெண்ணை லாரியில் ஏற்றிவிடுவார். சொல்லாவிட்டால் டவர் போச்சு. கொலுசு விற்றவர்கள் எல்லோரும் என் பின்னால் நிற்கிறார்கள். உன் வாழ்க்கையா, இவர்கள் வாழ்க்கையா என்று ஒரு தாளை வைத்துக்கொண்டு நான் எப்படி முடிவு செய்வேன்? உன்னைப் பெற்ற வயிற்றை நினைத்து உன்னைத் திட்டாமல் விட்டேன்.

அப்போது உபா வந்து என் கையிலிருந்து ரசீதை வாங்கினாள். ஒரு தரம் பார்த்தாள். முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. (அவளுக்கு உன் கையெழுத்து எப்படித் தெரியும்? எனக்குத் தெரியாமல் அவளுக்கும் எழுதுகிறாயா? இதைத் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.)

"இது என் மஹர்" என்றாள்.

"என்ன உளர்ற?" என்றார் ஹிர்சி.

"உளறல அப்பா. என்னைக் கட்டிக்கிறதுக்காக கூலேத் சேர்த்த பணம் இது. ஊருக்கு ஒரு பங்கு குறைஞ்சுதுன்னு போட்டிருக்கார். ஒட்டகம் உங்களுக்கு, மஹர் எனக்கு. மஹரா இந்தப் பங்கை நான் ஏத்துக்கிறேன்."

"அப்ப என் ஒட்டகம்? பத்து ஒட்டகம்?"

ஷேக் ஷிர்வா தாடியைத் தடவினார். "ஹிர்சி, மஹர்ங்கிறது மாப்பிள்ளை பொண்ணு கையில தர்றது, அது பொண்ணோடது. அதுல அப்பனுக்கு வாய் இல்லை. ஒட்டகம் நம்ம ஊர்ப் பழக்கம், மார்க்கத்துல அது இல்லை."

"பழக்கத்தை விடுறதா? நான் உசிரோட இருக்கிற வரைக்கும் நடக்காது! அந்தப் பங்கு செல்லாது! செல்லவே செல்லாது!"

ஷேக் இதை அப்படியே அரபியில் சொன்னார். ரம்சி தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை மூடினார். "செல்லாதுன்னா ஐம்பத்தொன்பது. பெட்டி பூர்அத்துக்கு."

ஐம்பத்தெட்டுப் பேரும் திரும்பி ஹிர்சியைப் பார்த்தார்கள். ஒற்றைக்காதன் மெதுவாக, "மாமா, இருபத்திரண்டாவது பங்கு உங்களுதுதானே?" என்றான். பின்னாலிருந்து ஒருத்தி, "லாரிக்காரனும் பூர்அத்காரன்தானே? பொண்ணும் அங்க, டவரும் அங்கயா?" என்றாள்.

ஹிர்சிக்கு வியர்த்தது. மேலே பார்த்தார், கீழே பார்த்தார், மகளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"எழுதித் தொலைங்கய்யா!" என்றார். பிறகு விரலை நீட்டி, "ஆனா ஒட்டகத்துக்குப் பதிலா ஒண்ணாம் நம்பர் டெலிபோன் எனக்கு வேணும். ரெண்டு இல்ல. ஒண்ணு!"

ரம்சி பத்தாவது மொகமத் அப்தியைக் கோடு போட்டு அடித்தார். அந்த இடத்தில் உபா ஹிர்சி என்று எழுதினார். "பொய்ப்பேரு போட்ட ஆளை துபாய்ல பார்த்துக்கிறேன்" என்று என்னிடம் சொன்னார். நன்றாகப் பார்க்கட்டும்.

அறுபது, தம்பி! அறுபது!

எனக்கு ஏன் சொல்லவில்லை? ஒரு வரி. ஒரே ஒரு வரி.

கின்சி

*

துபாய்
15 செப்டம்பர் 1999

அக்காவுக்கு சலாம்.

உன் கடிதத்தைக் கிடங்கில், எக்சேஞ்சுப் பெட்டிமேல் உட்கார்ந்து படித்தேன். நான்கு தரம் படித்தேன். காவல்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், அக்கா, கோபித்துக்கொள்ளாதே, உன்னிடம் சொன்னது மறுநாள் கிணற்றடியில் இருக்கும். ஹிர்சி மாமா காதுக்குப் போயிருக்கும். நம் ஊரில் மொகமத் அப்தி என்று எழுதினால் யார் எண்ணப் போகிறார்கள் என்று நினைத்தேன். வேறு எந்தப் பெயரும் எனக்குத் தோன்றவில்லை. நோன்புக்குள் எப்படியாவது மறுபடி சேர்த்துவிடலாம் என்றும் நினைத்தேன். முடியவில்லை. இரவு வேலைக்கும் போனேன், முடியவில்லை.

உன் கடிதத்தில் அழுகை வருகிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி இருப்பேன்?

ரம்சி என்னை ஒரு மணி நேரம் திட்டினார். கம்பெனியிடம் சொல்லிச் சம்பளத்தில் ஒரு வாரம் பிடிக்கவைத்தார். கடைசியில், "அந்தப் பொண்ணுக்கு உன்னை விட மூளை அதிகம்" என்றார். பெட்டி கப்பலேறிவிட்டது.

உபா என்ன சொல்கிறாள்?

கூலேத்

*

ஏல்மதோ
16 அக்டோபர் 1999

தம்பிக்கு சலாம். மேலே உன்னைக் காக்கிறவன் காக்கட்டும், கீழே இனிமேல் நான் டெலிபோனில் காப்பேன்.

என் வாயைப் பற்றி எழுதியிருந்தாய். உண்மைதான். அதனால் மன்னித்தேன். பாதி.

டவர் நிற்கிறது! கடலிலிருந்தே தெரிகிறதாம். எனக்கு நாலாம் எண், ஹிர்சிக்கு ஒண்ணு, உபாவுக்கு ஏழு. ஹிர்சி தினமும் காலையில் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, "இருக்கு, சத்தம் இருக்கு" என்று சொல்லிவிட்டு வைக்கிறார். அவருக்கு டெலிபோன் செய்ய ஆளில்லை. நேற்று நானே செய்தேன், பாவமாக இருந்தது. "யாரு, வெளிநாடா?" என்றார்.

நீ முதல் தரம் பேசியபோது மழை, ஆடு, உடம்பு என்று விசாரித்தே பாதிக் காசைத் தீர்த்தாய். ஆனால் செவ்வாய்க்கிழமை நடந்ததை உனக்கு எழுதித்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் அதன் முதல் பாதி உனக்குத் தெரியாது. ஜாமா வந்தான். மூட்டையை உதைத்தான். "துபாய்ல விலை விழுந்து..." என்று தொடங்கினான். "இருங்க ஜாமா, தேநீர் குடிங்க" என்று உட்காரவைத்துவிட்டு உன்னைக் கூப்பிட்டேன். நீ விலையைச் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? நான் ரிசீவரை அப்படியே அவன் காதில் வைத்து, "தம்பி, இன்னொரு தடவை சத்தமா சொல்லு" என்றேனே, அது அவன் காது!

நாற்பது பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவன் தேநீரை முழுதும் குடித்தான். பிறகு நீ சொன்ன விலைக்கே எடுத்தான். களத்தில் என் பக்கத்தில் நின்ற ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கொலுசு விற்றவள். நானும்தான் அழுதேன், போ.

உபா என்ன சொல்கிறாள் என்று கேட்டிருந்தாய். எனக்கென்ன தெரியும்? அவளுக்கு எண் இருக்கிறது, உனக்கு விரல் இருக்கிறது.

கின்சி

*

துபாய்
2 நவம்பர் 1999

உபாவுக்கு கூலேத்தின் சலாம். நீ நலமாக இருக்கவேண்டும். உன் அப்பாவும் நலமாக இருக்கவேண்டும்.

பதினோரு நாளாக ஏழாம் எண்ணைக் கூப்பிடுகிறேன். காலையில் கூப்பிட்டேன், தொழுகை முடிந்து கூப்பிட்டேன், சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டேன். எப்போதும் பிஸி. அக்கா லைன் கிடைக்கிறது, உன் அப்பா லைன்கூடக் கிடைக்கிறது (அவர் "யாரு, வெளிநாடா?" என்றதும் பயந்து வைத்துவிட்டேன்). டவரைச் சரிபார்க்க ஆள் அனுப்பலாமா என்று ஆபீசில் கேட்டேன். ஏழாம் எண்ணில் பழுது இல்லை என்கிறார்கள். யாரோடு அப்படிப் பேசுகிறாய்?

உன்னிடம் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது. எழுத வரவில்லை. குரலில் சொல்லிவிடலாம் என்றுதான் காத்திருக்கிறேன்.

கூலேத்

*

ஏல்மதோ
14 நவம்பர் 1999

கூலேத்துக்கு உபாவின் சலாம். நான் நலம். அப்பா நலம். அவர் டெலிபோனும் நலம்.

நான் யாரோடும் பேசவில்லை. காலையில் எழுந்ததும் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுகிறேன். இரவு படுக்கும்போதும் அது கீழேதான் கிடக்கிறது.

என் பணத்தை என்னைக் கேட்காமல் போட்டாய். நல்ல இடத்தில்தான் போட்டாய், கேட்டிருந்தால் நானே போடச் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்குக் கோபம். மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை எனக்கு இரண்டு கடிதம் எழுதினாய். ஒன்றில் புறா, ஒன்றில் ஈச்சம்பழம். நான் இங்கே லாரிக்காரன் வீட்டுக்குப் போகப் போகிறேன் என்று ஒவ்வொரு நாளும் பயந்து செத்தேன். பணம் இல்லை, ஆனால் நான் இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

அன்று களத்தில் எல்லோர் முன்னாலும் நான் வாயைத் திறந்து சொன்னேன். நீ துபாயில் உட்கார்ந்து டெலிபோனில் சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம் என்று பார்க்கிறாயா? முடியாது. அதே களத்தில் வந்து நின்று, எல்லோர் முன்னாலும் சொல்.

ஷேக் ஷிர்வாவிடம் பேசிவிட்டேன். நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை. அப்பா முறைத்தார், பிறகு ஆட்டை யார் அறுப்பது என்று கேட்டார்.

பொசாசோவில் இறங்கியதும் கூப்பிடு. அன்றைக்கு முதல் மணியிலேயே எடுப்பேன்.

உபா ஹிர்சி
பங்குதாரர்